ஆறாவது வாரத்து வயிற்றுப்போக்கு

மருந்து ஏறியது சென்னையில், கை நரம்பு வழியாக. நோய் இருப்பது நுரையீரலில். ஆறு வாரம் கழித்துக் காரைக்குடி வீட்டில் வயிற்றால் போகிறது. இந்த மூன்றையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

ஒரு ஆச்சியைக் கற்பனை செய்துகொள்வோம். அறுபதைத் தாண்டியவர். நுரையீரல் புற்றுநோய்க்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னை போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார். முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை, வாய் ருசிகூடக் கெடவில்லை. இரண்டு தவணை முடிந்து மூன்றாவதற்குக் கிளம்ப வேண்டிய வாரத்தில் பேதி தொடங்குகிறது. காரணத்துக்கா பஞ்சம்? முந்தின நாள்தான் கல்யாண வீட்டுச் சாப்பாடு. ஓமத் தண்ணீர் ஒரு வேளை, மோரில் வெந்தயம் ஒரு வேளை. நிற்கவில்லை. பேரன் மருந்துக்கடையில் போய், "அண்ணே, அப்பத்தாவுக்கு வயித்தால போகுது, மாத்திரை குடுங்க" என்கிறான். கடைக்காரர் இரண்டு வகை மாத்திரையைக் கத்தரித்துத் தருகிறார். ஒன்று கிருமிக்கு, இன்னொன்று குடலின் ஓட்டத்தை நிறுத்த. பெரும்பாலான வீடுகளில் கதை இத்தோடு முடிந்துவிடும். ஆச்சிக்கு நான்காம் நாள் எட்டுத் தடவை போகிறது, சளியும் ரத்தமும் கலந்து.

அடுத்து தெரு டாக்டர். "வேற ஏதும் வைத்தியம் பாக்குறீங்களா ஆச்சி?" என்று கேட்கிறார். "மெட்ராஸ்ல கீமோ ஏத்துறாக தம்பி." நம் வீடுகளில் புற்றுநோய்க்கு எது ஏற்றினாலும் அது கீமோதான். ஆனால் ஆச்சிக்கு ஏற்றியது கீமோ இல்லை. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களைக் கொல்லும். குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது, ஆகவே அதுவும் அடிபடும். அந்தப் பேதி பெரும்பாலும் மருந்து ஏறிய சில நாட்களில் வரும், கொஞ்ச நாளில் ஓயும். ஆச்சிக்கு ஏறியதோ நேரடியாக எந்த அணுவையும் கொல்லாத மருந்து. அது வேறு ஒருவரைத் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்டவர் வேலையில் இறங்கச் சில வாரம் பிடிக்கிறது. அந்தத் தாமதத்தில்தான் இந்த நோயின் சூட்சுமம் இருக்கிறது.

தூண்டப்படுபவை டி அணுக்கள், அதாவது ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களில் ஒரு வகை. கிருமி புகுந்த அணு, புற்றாக மாறிய அணு என்று இனங்கண்டு அழிப்பது இவற்றின் தொழில். அழிக்கத் தெரிந்தவற்றை அடக்கவும் வேண்டுமல்லவா? அதற்காக டி அணுவின் மேற்பரப்பிலேயே சில தடைப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு முக்கியம்: சிடிஎல்ஏ-4, பிடி-1. இந்தப் புரதங்களுக்கு 'போதும்' என்ற சமிக்ஞை வந்ததும் டி அணு ஒதுங்கிக்கொள்ளும். புற்றுநோய் செய்யும் தந்திரம், அந்தச் சமிக்ஞையைத் தானே கொடுத்து டி அணுக்களை ஒதுங்க வைப்பது.

சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு இதைக் கண்மாயை வைத்துச் சொல்லிவிடலாம். கண்மாய்த் தண்ணீர்தான் டி அணுக்கள். கரையில் தலைமடை இருக்கிறது. அதைத் தாண்டி வாய்க்காலில் போகும் தண்ணீருக்கு ஒவ்வொரு வயலிலும் ஒரு வாய்மடை உண்டு. சிடிஎல்ஏ-4 தலைமடைப் பலகை. டி அணுக்கள் நிணநீர்க் கணுக்களில் முதன்முதலாக விழித்தெழும் இடத்தில் அது நிற்கிறது. பிடி-1 வாய்மடைப் பலகை. திசுவுக்குள் வந்து சேர்ந்த டி அணுவை அங்கே நிறுத்துகிறது. புற்றுக் கட்டி என்ற வயல், தன் வாய்மடையைத் தானே அடைத்துக்கொண்டு காய்ந்து கிடக்கிறது. அந்தப் பலகையை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் சிகிச்சை. ஆனால் மருந்து ரத்தத்தில் போகிறது. அந்த ஒரு வயலின் பலகையை மட்டும் எடுக்க அதற்குத் தெரியாது. ஊரிலுள்ள எல்லாப் பலகையையும் உருவிவிடும். எளிதில் முங்குவது கரையை ஒட்டி எப்போதும் ஈரமாகவே கிடக்கும் பள்ளத்து வயல். உடலில் அந்தப் பள்ளத்து வயல், பெருங்குடல்.

இந்த மருந்துகளைத் தமிழில் 'தடைநீக்கிகள்' என்று அழைக்கலாம். டாக்டர்கள் செக்பாயிண்ட் இன்ஹிபிட்டர் என்பார்கள், வீட்டுக்குத் தரும் காகிதத்தில் இம்யூனோதெரபி என்று இருக்கும். பிடி-1 புரதத்தை ஜப்பானில் தசுக்கு ஹோன்ஜோவின் குழு 1992-இல் கண்டறிந்தது. சிடிஎல்ஏ-4 தடையை நீக்கினால் எலிகளின் கட்டி கரைகிறது என்று 1996-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆலிசனின் குழு காட்டியது. இருவருக்கும் 2018-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. சிடிஎல்ஏ-4 தடைநீக்கியான இபிலிமுமாப் 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்ற பிடி-1 தடைநீக்கிகள் 2014-இல் வந்தன.

எச்சரிக்கை மணி அதற்கு முன்பே அடித்துவிட்டது. 1995-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே சிடிஎல்ஏ-4 மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கின. அந்தக் குட்டிகள் பிறந்து மூன்று நான்கு வாரத்தில் செத்தன. அறுத்துப் பார்த்தால் இதயம், கணையம் என்று உறுப்புக்கு உறுப்பு டி அணுக்கள் அப்பிக் கிடந்தன. எந்தக் கிருமியும் இல்லை. பலகை இல்லாத மடை என்ன செய்யும் என்பதை அந்த எலிகள் ஏற்கெனவே சொல்லிவிட்டன. ஆகவே இந்தப் பக்கவிளைவு எதிர்பாராத விபத்து அன்று. மருந்து வேலை செய்யும் விதத்திலேயே அது அடங்கியிருக்கிறது.

தலைமடையைத் திறப்பதும் வாய்மடையைத் திறப்பதும் ஒன்றல்ல என்பது நோயாளிக் கணக்கிலும் தெரிகிறது. இபிலிமுமாப் போட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பெருங்குடல் அழற்சி வருகிறது. பிடி-1 மருந்து மட்டும் என்றால் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பத்தில் ஒருவருக்கும் மேல். வெறும் வயிற்றுப்போக்கை மட்டும் எண்ணினால் இன்னும் பல மடங்கு. தொடங்கும் காலம் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டாவது வாரம். பிடி-1 மருந்துகளில் இன்னும் பிந்தி வருவதுண்டு. மருந்தை நிறுத்திச் சில மாதம் ஆன பிறகு வந்தவர்களும் இருக்கிறார்கள். "அந்த மருந்தைத்தான் நிறுத்தியாச்சே" என்பது இங்கே செல்லாது.

குடலை ஏன் பள்ளத்து வயல் என்கிறோம்? பல லட்சம் கோடிப் பாக்டீரியாக்கள் ஒரு பக்கம். உடலின் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பங்கு மறுபக்கம். நடுவே ஓரணு கனமுள்ள உள்தோல். இந்த இரண்டும் தினமும் சண்டை போடாமல் இருப்பதே ஒரு சாதனை. அந்தச் சமாதானத்தைக் காப்பதும் இதே தடைப் புரதங்கள்தான். குடல்சுவரில் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒரு வகை டி அணுக்கள் உண்டு. பழைய கிருமித் தாக்குதல்களின் நினைவோடு அங்கேயே தங்கிவிட்டவை. 2020-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் அழற்சி வந்த நோயாளிகளின் குடலிலிருந்து துணுக்கு எடுத்து, அதிலுள்ள அணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்தெந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். ஒவ்வொரு டி அணுவிலும் அதன் வம்சத்தைக் காட்டும் ஓர் ஏற்பி இருக்கிறது. குடலைத் தாக்கிக்கொண்டிருந்த அணுக்களின் ஏற்பியும் அங்கேயே குடியிருந்தவற்றின் ஏற்பியும் பெருமளவு ஒத்துப்போயின. ஆக, வெளியூரிலிருந்து யாரும் வந்து அடிக்கவில்லை. உள்ளூர்க்காரர்களே கொலைகாரர்களாக மாறியிருந்தார்கள். ஆறேழு வாரத்திலேயே இது கிளம்பிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி ஆச்சியிடம் வருவோம். இது தடைநீக்கியால் வந்த அழற்சிதான் என்று கண்டுபிடிப்பது எப்படி?

இதற்கென்று ஒற்றைப் பரிசோதனை கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, எஞ்சுவதைக் குடல்துணுக்கால் உறுதிசெய்வதுதான் வழி. கழிக்க வேண்டியவற்றின் பட்டியல் ஊருக்கு ஊர் மாறும் என்பதை மேல்நாட்டு வழிகாட்டி நூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் முதலில் நினைவுக்கு வருவது டிஃபிசில் என்ற பாக்டீரியா. காரைக்குடியில் முதலில் நினைவுக்கு வர வேண்டியவை அமீபா, காசநோய், ஒரு வகை நூற்புழு. டிஃபிசில் இங்கேயும் உண்டுதான். ஆஸ்பத்திரியும் ஆன்டிபயாட்டிக்குமாக இருந்தவருக்கு அதையும் பார்த்தாக வேண்டும். ஆனால் வரிசை வேறு.

அதற்கும் முன்னால், ஒரு காசு செலவில்லாத வேலை இருக்கிறது: எண்ணுவது. 'நிறையப் போகுது' என்பது டாக்டருக்கு உதவாது. வழக்கமாக ஒரு நாளைக்கு எத்தனை தடவை, இப்போது எத்தனை? வழக்கத்தைவிட நான்குக்குக் குறைவாகக் கூடினால் முதல் நிலை. நான்கு முதல் ஆறு வரை கூடினால் இரண்டாம் நிலை. ஏழும் அதற்கு மேலும் என்றால் மூன்றாம் நிலை, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியது. உயிருக்கே ஆபத்து என்றால் நான்காவது. வழக்கமாக ஒரு தடவை போகும் ஆச்சிக்கு இப்போது எட்டு என்றால் கூடியது ஏழு. மூன்றாம் நிலை. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, ரத்தம் இருக்கிறதா, வயிறு வலிக்கிறதா, காய்ச்சல் உண்டா என்ற கேள்விகளும் சேர வேண்டும். ஓட்டத்தை நிறுத்தும் மாத்திரை இந்த எண்ணிக்கையைப் பொய்யாக்கிவிடும். உள்ளே புண் பெரிதாகிக்கொண்டிருக்கும், வெளியே எண்ணிக்கை குறையும். குடல் ஓட்டையாகும் அளவுக்குப் போனவர்கள் உண்டு. இபிலிமுமாப் போட்டவர்களில் நூற்றில் ஒருவர் அளவுக்கு அப்படி நடந்திருக்கிறது.

அடுத்தது மலப் பரிசோதனை. நம் சிறு ஊர் லேப்களைப் பற்றி இளக்காரமாகப் பேசுவது ஒரு பழக்கமாகிவிட்டது. ஆனால் இந்தக் கட்டத்தில் பெரிய நகரத்து லேபைவிடக் காரைக்குடி லேபுக்கு ஒரு சாதகம் இருக்கிறது, தூரம். அமீபாவை உயிரோடு பார்க்க வேண்டும் என்றால் மாதிரி சூடு ஆறுவதற்குள் நுண்ணோக்கியின் கீழ் வர வேண்டும். அரைமணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். காலையில் டப்பாவில் எடுத்து வைத்து, பேரன் காலேஜுக்குப் போகும் வழியில் பத்து மணிக்குக் கொடுத்தால் அதில் அமீபா செத்துச் சிதைந்திருக்கும். புது மாதிரியில், சளியும் ரத்தமும் உள்ள இடத்திலிருந்து ஒரு துளி எடுத்து உப்புநீரோடு கண்ணாடிச் சில்லில் வைக்கிறார் லேப் அம்மா. உயிருள்ள அமீபா என்றால் ஒரு பக்கமாகக் கண்ணாடி போன்ற விரலை நீட்டும், உடம்பு முழுவதும் அந்த விரலுக்குள் வழிந்துபோகும், மறுபடி இன்னொரு விரல். அதன் வயிற்றுக்குள் விழுங்கிய சிவப்பணுக்கள் வட்டவட்டமாகத் தெரிந்தால், அது நோய் தரும் அமீபா என்பதற்கு நுண்ணோக்கியில் கிடைக்கக்கூடிய வலுவான சாட்சி.

ரிப்போர்ட்டில் 'சிஸ்ட்' என்று மட்டும் எழுதி வந்தால் அது சாட்சி ஆகாது. சிஸ்ட் என்பது அமீபா கூடு கட்டி உறங்கும் நிலை. நோயே தராத இன்னோர் அமீபா இனம் உண்டு. அதன் கூடும் பார்வைக்கு அச்சு அசல் இதே. இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று அறிவியல் முறைப்படி ஒத்துக்கொண்டதே 1993-இல்தான். ஆக, சிஸ்ட் என்ற ஒரு சொல்லைப் பார்த்து வாரக்கணக்கில் அமீபா மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் ஆச்சிக்கு, உண்மையான நோய் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகலாம்.

இந்தப் பிழை எதிர்த்திசையிலும் நடக்கும், அது இன்னும் மோசம். தடைநீக்கி அழற்சிக்கு மருந்து ஸ்டீராய்டு, அதுவும் உடல் எடையில் கிலோவுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் என்று பெரிய அளவில். உண்மையில் அமீபாப் புண்ணாக இருந்து, அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குடல் கிழிந்துபோகலாம். நூற்புழு இருந்தாலும் இதே கதைதான். வெறுங்காலோடு வயலில் நடந்தவர்களின் தோல் வழியே உடலுக்குள் போய், குடலில் பல வருடம் சத்தமில்லாமல் குடியிருக்கும் புழு அது. ஸ்டீராய்டு உள்ளே போனதும் கட்டுமீறிப் பெருகி நுரையீரல், மூளை என்று பரவக்கூடும். ஒரே ஒரு மல மாதிரியில் அது சிக்குவதும் அரிது. அதனால்தான் எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரருக்கு ஸ்டீராய்டு தொடங்கும் முன், புழு மாத்திரை கொடுத்துவிடலாமா என்று டாக்டர் யோசிப்பது நியாயம்.

கிருமி இல்லை என்று தெரிந்த பிறகு அடுத்த கேள்வி: உள்ளே உண்மையிலேயே அழற்சி இருக்கிறதா, அல்லது வெறும் ஓட்டம்தானா? இதற்கு மலத்திலேயே இன்னொரு பரிசோதனை இருக்கிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் உள்திரவத்தில் இருக்கும் புரதத்தில் பெரும்பங்கு கால்ப்ரொடெக்டின் என்ற ஒரே புரதம். குடல்சுவர் வீங்கி நியூட்ரோஃபில்கள் உள்ளே கசிந்தால் அந்தப் புரதம் மலத்தோடு வெளியே வருகிறது. அறை வெப்பத்திலும் சில நாள் கெடாமல் இருக்கும் என்பது இதில் வசதி. காரைக்குடியில் எடுத்து மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பலாம். 1980-இல் நார்வேயில் மாக்னே ஃபாகெர்ஹோல் இதைப் பிரித்தெடுத்தார். மலத்தில் அளக்கும் முறை 1992-இல் வந்தது. அளவு மிகக் குறைவு என்றால் பெரிய அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு. அதிகம் என்றால் கேமரா விட்டுப் பார்த்தாக வேண்டும். ஆனால் எதனால் அழற்சி என்று இது சொல்லாது. அமீபாவுக்கும் ஏறும், காசநோய்க்கும் ஏறும், தடைநீக்கிக்கும் ஏறும்.

சி.டி. ஸ்கேனும் அப்படித்தான். குடல்சுவர் தடித்திருப்பது தெரிந்தால் உதவும், ஓட்டை விழுந்திருந்தால் உயிரையே காப்பாற்றும். ஆனால் ஸ்கேன் சுத்தமாக இருந்தால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

முடிவான வாக்குமூலம் குடலுக்குள்தான். கொலனாஸ்கோபி என்றதும் முதல்நாள் முழுக்கப் பேதி மருந்து குடிக்க வேண்டுமே என்று ஆச்சி பயப்படலாம். பல சமயம் அவ்வளவு தேவைப்படாது. இந்த அழற்சி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெருங்குடலின் இடப்பக்கமும் பாதிக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரு எனிமா கொடுத்துக் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கும் சிக்மாய்டாஸ்கோபியே பெரும்பாலும் போதும். ஆரோக்கியமான குடல் ஈரமாகப் பளபளக்கும், அதன் அடியில் ரத்த நாளங்கள் அரச இலையின் நரம்பு மாதிரிக் கிளைகிளையாகத் தெரியும். அழற்சி வந்தால் முதலில் மறைவது இந்த நரம்போட்டம். பிறகு சிவப்பு, பொரிப்பொரியான பரப்பு, குழாய் பட்டதும் கசியும் ரத்தம், கடைசியில் புண். புண் ஆழமாகவும் அகலமாகவும் இருந்தால் வெறும் ஸ்டீராய்டுக்கு அடங்காது என்று அப்போதே கணிக்கலாம். அறிகுறி தொடங்கி ஏழு நாட்களுக்குள் கேமரா விட்டவர்களுக்கு ஸ்டீராய்டும் ஆஸ்பத்திரி வாசமும் குறைந்தன என்று ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையம் 2018-இல் எழுதியது.

கணிசமான பேருக்குக் கேமராவில் குடல் முற்றிலும் சுத்தமாகத் தெரியும். சில ஆய்வுகளில் மூன்றில் ஒருவருக்கு அப்படி. அங்கே 'ஒன்றுமில்லை' என்று குழாயை வெளியே எடுத்துவிட்டால் நோய் நழுவிவிடும். சுத்தமாகத் தெரிந்தாலும் நாலைந்து இடத்தில் துணுக்கு எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும்.

பயாப்ஸியில் பார்ப்பது என்ன? குடலின் உள்தோல் நெடுகச் சோதனைக் குழாய்களை அடுக்கி வைத்த மாதிரி நுண்குழிகள் நிற்கின்றன. தடைநீக்கி அழற்சியில் அந்தக் குழிகளுக்குள் நியூட்ரோஃபில்கள் சீழாகச் சேரும். உள்தோல் அணுக்களுக்கு இடையே டி அணுக்கள் நுழைந்திருக்கும். குழியின் அடியில் ஆங்காங்கே சில அணுக்கள் சுருங்கிக் கருத்து, சுற்றிலும் ஒரு வெள்ளை வளையத்தோடு தூளாகிக் கிடக்கும். டி அணு கட்டளையிட்டு, அந்த அணு தன்னைத்தானே முடித்துக்கொண்ட தடயம் அது. இதை 'அணுத் தற்சாவு' எனலாம். அதே சமயம் குழிகள் இன்னும் நேராகவே நிற்கும். பல மாதமாக, வருடமாகக் குடலழற்சி இருந்தவர்களுக்குக் குழிகள் கோணி, கிளைவிட்டு, குட்டையாகியிருக்கும். நேரான குழிகள் என்றால் நோய் புதிது. பழைய நோய் ஒன்று இப்போது தலைகாட்டுகிறதா, புதிதாக வந்ததா என்ற கேள்விக்கு இது பதில் சொல்லிவிடும். ஆனால் கிருமியால் திடீரென வரும் அழற்சியிலும் குழிகள் நேராகத்தான் இருக்கும். அணுத் தற்சாவு வேறு சில மருந்துகளாலும் வரும். அதனால்தான் துணுக்கைப் படிக்கும் பேத்தாலஜிஸ்ட்டுக்கு அனுப்பும் சீட்டில் 'இந்த மருந்து, இந்த மாதம் தொடங்கியது' என்று எழுதியாக வேண்டும். சீட்டில் வெறுமனே 'வயிற்றுப்போக்கு' என்று இருந்தால் அவர் படம் பார்த்துக் கதை சொல்ல வேண்டியதுதான். ஆந்தைக் கண் மாதிரி உட்கரு பெருத்த அணுக்கள் தெரிகின்றனவா என்றும் தேடுவார். அது சைட்டோமெகலோ வைரஸின் அடையாளம், ஸ்டீராய்டுக்கு அடங்காத பலரிடம் ஒளிந்திருக்கும் கூட்டாளி.

நம் ஊருக்கு இன்னொரு சந்தேகமும் மிச்சமிருக்கிறது: குடல் காசநோய். இதில் தமிழ்நாட்டுக்குச் சொந்த அனுபவம் உண்டு. க்ரோன் என்ற நீண்டகாலக் குடலழற்சி நோயையும் குடல் காசநோயையும் கேமராவில் பிரித்தறிவது கடினம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அன்னா புலிமூட், பி.எஸ். ராமகிருஷ்ணா முதலியோர் துணுக்குகளை மட்டும் வைத்தே அதைப் பிரிக்க முடியும் என்று 1999-இல் காட்டினார்கள். காசநோயில் கிரானுலோமா என்ற அணு முடிச்சுகள் பெரிதாக, நிறைய, ஒன்றோடொன்று இணைந்து, நடுவே பாலாடைக்கட்டி போல் நைந்து இருக்கும். க்ரோனில் சின்னதாக, அங்கொன்று இங்கொன்று. தடைநீக்கி அழற்சியில் கிரானுலோமா அரிது. இடமும் உதவுகிறது. காசநோய்க்குப் பிடித்த இடம் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வலப்பக்க மூலை, தடைநீக்கி அழற்சி பெரும்பாலும் இடப்பக்கத்தையும் விடாது. இன்னொரு வம்பும் இருக்கிறது. பிடி-1 இல்லாத எலிகள் காசநோய்க் கிருமியை எதிர்கொள்ள முடியாமல் மற்ற எலிகளைவிட வேகமாகச் செத்தன. ஆக, தடைநீக்கியே உறங்கும் காசநோயை எழுப்பக்கூடும். மருந்தால் வந்த அழற்சி, மருந்தால் கிளம்பிய காசநோய் இரண்டையும் மனதில் வைத்துத்தான் இங்குள்ள டாக்டர் துணுக்கைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போகவும் முடியாது. ஸ்டீராய்டுக்கு மூன்று முதல் ஐந்து நாளில் அடங்காவிட்டால் கொடுப்பது இன்ஃப்ளிக்ஸிமாப். அது டிஎன்எஃப் என்ற அழற்சித் தூதுவனைப் பிடித்து முடக்குகிறது. காசநோய்க் கிருமியைச் சுற்றி உடல் கட்டிய சுவர் நிற்பதும் அதே டிஎன்எஃப்பின் தயவில்தான். இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டவர்களில் காசநோய் வெடித்த 70 பேரைப் பற்றி 2001-இல் ஒரு கட்டுரை வந்த பிறகு, அந்த மருந்தைப் போடும் முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் எடுப்பது வழக்கமானது. குடலுக்குள் டி அணுக்கள் நுழைவதை மட்டும் தடுக்கும் வெடோலிசுமாப் இன்னொரு வழி, விலை கூடுதல். அழற்சி வராமலே முன்கூட்டித் தடுத்துவிடலாமே என்று குடலோடு நின்றுவிடும் பியூடெசோனைட் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை என்று 2009-இல் தெரிந்தது. வந்த பின் சீக்கிரம் பிடிப்பது ஒன்றுதான் வழி.

வயிறு கெட்டால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமாமே என்று சிலர் கேட்கிறார்கள். காற்றுவாக்கில் வந்த பேச்சில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2006-இல் 198 பேரின் கணக்கை வெளியிட்டது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காரர்களில் குடலழற்சி வந்தவர்களில் 36 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. வராதவர்களில் 11 சதவீதம். ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நோய் முற்றிச் சில வாரத்தில் இறந்தவருக்கு அழற்சி வர நேரமே இருந்திருக்காது. அவர் 'வராதவர்' கணக்கில் போய்விடுவார். சம்பந்தம் ஏதோ உண்டு, அவ்வளவுதான். பேதியைப் பொறுத்துக்கொண்டால் புற்று கரையும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்க அது காரணமாகாது. ஸ்டீராய்டு கொடுத்தால் மருந்தின் பலன் போய்விடுமோ என்ற பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. நியூயார்க்கில் இபிலிமுமாப் போட்ட 298 பேரைப் பின்தொடர்ந்ததில், பக்கவிளைவுக்கு ஸ்டீராய்டு எடுத்தவர்களின் ஆயுள் எடுக்காதவர்களைவிடக் குறைந்துவிடவில்லை.

இதெல்லாம் லட்சக் கணக்கில் செலவழிக்கும் சிலருக்கான சங்கதி என்று இத்தனை நாள் ஒதுக்க முடிந்தது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை அதை மாற்றத் தொடங்கியிருக்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான மாத்திரைகளோடு நிவோலுமாப் வெறும் 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தார்கள். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வருடம் பிழைத்திருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமானார்கள். கடுமையான பக்கவிளைவுகளும் கூடவில்லை. வாய்ப்புற்று மலிந்த நாட்டில் இந்தச் சிறு அளவு பரவினால், தடைநீக்கி ஏறியவர்கள் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று எல்லா ஊரிலும் இருப்பார்கள். மருந்து ஏறுவது பெருநகரத்தில், பேதி வருவது இங்கே. ஆகவே இந்த நோயைப் பற்றிய அறிவு முதலில் வந்து சேர வேண்டிய இடம் தெரு டாக்டரும் மருந்துக்கடை அண்ணனும்தான் என்பது என் கட்சி. நோயாளியின் பர்ஸில் மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, புற்றுநோய் டாக்டரின் போன் நம்பர் எழுதிய ஒரு அட்டை இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதை மருத்துவமனைகள் கட்டாயமாகக் கொடுக்கலாம். செலவு அச்சுக்கூலி மட்டும்.

குடல் ஆறிய பிறகு தடைநீக்கியை மறுபடி தொடங்கலாமா? சிடிஎல்ஏ-4 மருந்தால் கடுமையான அழற்சி வந்தால் அதைப் பொதுவாக நிரந்தரமாக நிறுத்திவிடுவார்கள். பிடி-1 மருந்துக்கு வாசல் திறந்தே இருக்கிறது. அழற்சி ஆறிய பின் தடைநீக்கியை மீண்டும் தொடங்கிய 167 பேரின் விவரம் 2019-இல் வெளியானது. 34 சதவீதத்தினருக்கு மறுபடி குடலழற்சி வந்தது. சிடிஎல்ஏ-4 மருந்துக்குத் திரும்பியவர்களில் 44 சதவீதம், பிடி-1 மருந்துக்குத் திரும்பியவர்களில் 32. அதனால் மறுதவணைக்கு முன் கால்ப்ரொடெக்டினை இன்னொரு தடவை பார்த்து, முடிந்தால் கேமராவிலும் புண் ஆறியதை உறுதிசெய்துகொண்டு, தேவையானவர்களுக்கு வெடோலிசுமாபைக் கூடவே கொடுத்துத் தொடங்குகிறார்கள்.